சிக்னல் சார் எடுத்த ஒரே ஒரு பிரிண்ட்

பிரிண்டர் ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. காலை ஒன்பதரை மணியிலிருந்து இதே சிமிட்டல்தான். ஒரு தாளையாவது வெளியே தள்ளும் உத்தேசம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

"கனெக்ட் ஆகலைன்னு வருது," என்றாள் மனைவி, அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

"கனெக்ட் ஆகலைன்னு இல்ல. இதுக்குப் பேரு ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்."

"திரையில கனெக்ட் ஆகலைன்னுதானே எழுதியிருக்கு?"

"அது உன்னை மாதிரி ஆளுங்களுக்குப் புரியணும்னு எழுதறது. உள்ள நடக்கறது ஹேண்ட்ஷேக் ஃபெயிலியர்."

இப்படிப் பேசுகிறவரை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'சிக்னல் சார்' என்பார்கள். யார் வீட்டிலாவது படம் பாதியில் நிற்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே போய் நிற்பார். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அறையை மூன்று சுற்று சுற்றுவார். "லேட்டன்சி அதிகமா இருக்கு. பேண்ட்வித் பத்தல," என்று தீர்ப்புச் சொல்வார். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இறங்கி வந்துவிடுவார். படம் என்னவோ நின்ற இடத்திலேயேதான் நிற்கும். ஆனாலும் வீட்டுக்காரர்களுக்கு மனசு கொஞ்சம் லேசாகும். நோய்க்கு ஒரு பெயர் தெரிந்துவிட்டதே, அந்தத் திருப்திதான்.

இந்த ஞானமெல்லாம் அவருக்கு வீடியோ பார்த்து வந்தது. எந்த வீடியோவாக இருந்தாலும் முதல் இரண்டு நிமிடம்தான் பார்ப்பார். அதற்கு மேல் சொல்லித் தர அவர்களிடம் சரக்கு இருக்காது என்பது அவருடைய அபிப்பிராயம்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்ப்பது நாற்காலி மேசைக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. பத்தொன்பது வருடமாக அதே கிடங்கு. சுழல் நாற்காலி, சாய்வு நாற்காலி, மெத்தை வைத்த மேலாளர் நாற்காலி என்று ஆயிரக்கணக்கில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். அவர் உட்காரக் கொடுத்திருப்பது ஒரு கால் ஆடுகிற ஸ்டூல். அதை நினைத்தால் அவருக்கு உண்மையாகவே துக்கம் வரும். அந்த விஷயத்தில் அவரைக் கேலி செய்ய நமக்கும் மனசு வராது.

அதனால்தான் போன மாதம் பார்த்த அந்த விளம்பரம் அவரைத் தூங்கவிடவில்லை. ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் நானூறு ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டு வை-ஃபை, பிரிண்டர் எது தகராறு செய்தாலும் போனிலேயே சரிசெய்து கொடுக்க ஓர் அதிகாரி வேண்டும். விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம், நேரிலும் கொடுக்கலாம். இன்று பகல் பன்னிரண்டு மணியோடு கெடு முடிகிறது. மின்னஞ்சலில் அனுப்புவது விஷயம் தெரியாதவர்கள் வேலை என்று முடிவுகட்டி, கலர் போட்டோவுடன் மூன்று பக்கம் தயார் செய்து வைத்திருந்தார். அதை வயர்லெஸ் பிரிண்டரில் எடுத்து, நேரில் கொடுத்து, கை குலுக்கிவிட்டு வரவேண்டும். வீட்டில் மூச்சு விடவில்லை. வேலை கையில் கிடைத்த பிறகு சொன்னால்தான் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

"விருந்தாளிங்களுக்குன்னு போன வாரம் தனியா ஒரு வை-ஃபை போட்டீங்கல்ல," என்றாள் மனைவி. "உங்க போன் இன்னும் அதுலதான் இருக்கு. பிரிண்டர் வீட்டு வை-ஃபையில இருக்கு. விருந்தாளி வை-ஃபையில இருக்கறவங்களுக்கு வீட்டுச் சாமான் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. போனை இந்தப் பக்கம் மாத்தினா சரியாயிடும்."

"என் வீட்டுல நான் விருந்தாளியா?"

"போன் அப்படித்தான் நினைக்குது."

"இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?"

"பிரிண்டரோட ஒரு புத்தகம் வந்துச்சே, அதைப் படிச்சேன்."

சிக்னல் சார் பரிதாபமாகச் சிரித்தார். "புத்தகம் படிச்சு நெட்வொர்க் வராதும்மா. அடிப்படை தெரியணும்."

மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. பத்து மணிக்கு எனக்கு ஒரு வீடியோ கால் இருக்கு. பதினொரு மணி வரைக்கும் போகும். அதுவரைக்கும் எதையும் தொடாம இருந்தா நல்லது. அவசரம்னா தெருமுனைக் கடையில பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்துடுங்க. பத்து நிமிஷ வேலை."

நெட்வொர்க் அதிகாரி ஆகப்போகிறவர் தெருமுனைக் கடையில் வரிசையில் நிற்பதா? "நீ போய் உங்க அக்காகிட்டப் பேசு," என்றார்.

"அக்கா இல்ல. இது முக்கியமான கால்."

அறைக் கதவு சாத்திக்கொண்டது. அக்காதான், சந்தேகமே இல்லை. அக்காவும் அக்கா வீட்டுக்காரரும் போன மாதத்திலிருந்து முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. பஞ்சாயத்து தினமும் வீடியோவில் நடந்துகொண்டிருக்கிறது.

கூடத்தில் மாமனார் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தார். காலையில் மல்யுத்தம் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. நெட்டில்தான் வரும்.

சிக்னல் சார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். கோளாறு வை-ஃபையின் பெயரில்தான் என்று தோன்றியது. 'வீடு' என்று மொட்டையாக ஒரு பெயர். எத்தனை வீட்டில் இதே பெயர் இருக்குமோ, பிரிண்டர் பாவம் எதில் போய்ச் சேரும்? ரூட்டரின் அமைப்புக்குள் நுழைந்து, 'வீடு' என்பதை அழித்துவிட்டு 'தலைமையகம்' என்று வைத்தார். கடவுச்சொல்லையும் விடவில்லை. எண், எழுத்து, நட்சத்திரம், கேள்விக்குறி என்று இருபத்தோரு குறிகள் கொண்டதாக ஒன்றைப் போட்டார். எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். "தூக்கினவன் கீழ போட மாட்டேங்கறான்."

திரையில் ஒரு பயில்வான் இன்னொரு பயில்வானைத் தலைக்கு மேல் தூக்கியபடி சிலையாக நின்றிருந்தான்.

"ரீ-அத்தெண்டிகேஷன் நடக்குது மாமா. கொஞ்சம் பொறுங்க."

"எவ்வளவு நேரம் மாப்பிள்ளை? அவனுக்குக் கை வலிக்காதா?"

கதவு திறந்தது. மனைவி காதில் இயர்போன், கையில் நிமிர்த்திப் பிடித்த போனுடன் வந்தாள். "ஒரு நிமிஷம், போன் டேட்டாவுல வந்திருக்கேன்," என்று போனிடம் சொல்லிவிட்டு இவரிடம், "பேரை மாத்தினீங்களா?" என்றாள்.

"செக்யூரிட்டியைப் பலப்படுத்தியிருக்கேன்."

"புது பாஸ்வேர்ட் என்ன?"

சிக்னல் சார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கேள்விக்குறிக்கு முன்னால் நட்சத்திரம் ஒன்றா இரண்டா என்பது நினைவில்லை. "எழுதி வைக்கறது பாதுகாப்பு இல்ல," என்றார்.

மேசையிலிருந்த அவருடைய மடிக்கணினியில் ரூட்டரின் அமைப்பு இன்னும் திறந்துதான் இருந்தது. கம்பி வழியாக இணைத்திருந்ததால் அது தப்பித்திருந்தது. பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே திரும்பப் போட்டாள். வீட்டிலுள்ள சாமான்கள் ஒவ்வொன்றும் யாரும் சொல்லாமலே தானாக வந்து ஒட்டிக்கொண்டன. மேலே இருந்த பயில்வான் தொப்பென்று விழுந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நான் செஞ்ச மாத்தம் இப்பதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு," என்றார் சிக்னல் சார் மாமனாரிடம்.

"அப்படியா மாப்பிள்ளை," என்றார் மாமனார், திரையிலிருந்து கண் எடுக்காமல்.

பிரிண்டர் மட்டும் சிமிட்டலை விடவில்லை. மணி பத்தே கால். கோளாறு பெயரில் இல்லையென்றால் முகவரியில்தான் இருக்கவேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கிறது, கதவிலக்கம் மாதிரி. பிரிண்டருக்கு அது இருபத்து மூன்று என்று கொடுத்திருந்தது. இருபத்து மூன்றாவது ஆளாக நின்றால் எப்போது முறை வரும்? ரூட்டர் மட்டும் தனக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டிருக்கிறது. சிக்னல் சாருக்கு நியாய உணர்ச்சி பொங்கியது. பிரிண்டரின் சின்னத் திரையில் விரலால் குத்திக் குத்தி அதற்கும் ஒன்று என்று கொடுத்தார்.

ஒரே கதவிலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? வெளியே போகவேண்டியதெல்லாம் தட்டுக்கெட்டுப்போய் பிரிண்டரின் வாசலில் வந்து நின்றது. தாளைத் தவிர வேறொன்றும் அறியாத பிரிண்டர் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? வீடு முழுவதும் மறுபடி படுத்துவிட்டது.

"மாப்பிள்ளை, இப்ப நடுவரே அசையல."

கதவு திறந்தது. மனைவி மறுபடி போனோடு வந்தாள். பிரிண்டரின் திரையைப் பார்த்தாள். அவள் உதடு லேசாகத் துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ரூட்டரோட நம்பரையே இதுக்கும் குடுத்திருக்கீங்க."

"முன்னுரிமை குடுத்திருக்கேன். இதுக்கு கியூ-ஓ-எஸ்னு பேரு. உனக்குச் சொன்னாப் புரியாது."

"சரி," என்றாள். முகவரியை ரூட்டரே பார்த்துக் கொடுக்கட்டும் என்று பழையபடி மாற்றினாள். போகும்போது, "பதினொரு மணிக்கு நானே வந்து எடுத்துத் தரேன். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள்.

சும்மா உட்கார்ந்திருப்பதா? அவர் கதவருகே போய்க் காது கொடுத்தார். அவள் குரல் மெதுவாகக் கேட்டது. "ரெண்டு பேரும் பேசிக்கணும்னா மொதல்ல ஒரே இடத்துல இருக்கணும். நடுவுல இருக்கறவர் பேர் வைக்கறதையும் நம்பர் மாத்தறதையும் நிறுத்தினாலே பாதி சரியாயிடும்." அக்கா வீட்டுக்காரர் பாடு பாவம் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

பத்து முப்பத்தைந்துக்கு அவருக்கு மெய்ஞ்ஞானம் உதித்தது. ரூட்டர் இரண்டு அலைவரிசையில் வேலை செய்கிறது. ஒன்று இரண்டு புள்ளி நான்கு, இன்னொன்று ஐந்து. இதில் எது பெரியது என்று குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பெரியது இருக்கும்போது சின்னது எதற்கு? இடைஞ்சல். இரண்டு புள்ளி நான்கை அணைத்தார்.

இதுவரை சிமிட்டிக்கொண்டாவது இருந்த பிரிண்டர், சிமிட்டுவதையும் நிறுத்தியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதுகூட இல்லை, பிடித்த மண்ணும் கையை விட்டுப் போயிற்று.

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நான் ரேடியோ வெச்சுக்கட்டுமா?"

மனைவி வந்தாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. "இந்தப் பிரிண்டருக்கு அஞ்சு தெரியாது. டிவியும் பழசு, அதுக்கும் தெரியாது. பிரிண்டரோட அட்டைப்பெட்டி மேலயே எழுதியிருக்கு," என்று சொல்லிக்கொண்டே அணைத்ததை ஏற்றிவிட்டாள். சொன்னது அவருக்கா, போனுக்கா என்று தெரியவில்லை. போனை ரூட்டர் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டினாள். அக்காவுக்கு இதையெல்லாம் ஏன் காட்டுகிறாள்? வீட்டு மானம் வீடியோவில் போகிறதே என்று சிக்னல் சாருக்கு எரிச்சல் வந்தது.

"உங்க அக்காவுக்கு என் நெட்வொர்க்கைக் காட்டறதை நிறுத்தறியா?"

"பத்து நிமிஷம் பொறுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

பொறுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. மணி பத்து ஐம்பது. அந்த அலுவலகத்துக்குப் போக அரை மணி நேரமாவது வேண்டும். கண் முன்னால் ஸ்டூல் வந்து ஆடியது. இன்னும் பதினோரு வருடம் அதன் மேல் உட்கார வேண்டியிருக்கும். முதல் இரண்டு நிமிடம் பார்த்த வீடியோ ஒன்றில் ரூட்டரின் பின்பக்கம் ஊசித் துளை ஒன்று இருப்பதாகவும், அதற்குள் குத்தினால் எல்லாம் புதிதாகப் பிறந்தது போல் ஆகிவிடும் என்றும் சொன்னது நினைவுக்கு வந்தது. குத்தும் முன் என்ன செய்யவேண்டும் என்பது மூன்றாவது நிமிடத்தில் இருந்திருக்கலாம்.

சட்டைப் பொத்தானுக்குப் பதிலாக மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தினார்.

ரூட்டர் புதிதாகத்தான் பிறந்தது. பிறந்த குழந்தைக்குத் தன் பெயர் தெரியுமா, அப்பா பெயர் தெரியுமா? இணையம் கொடுக்கும் நிறுவனத்தின் கணக்குப் பெயர் உட்பட எல்லாவற்றையும் மறந்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. சிக்னல் சாரும் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது.

"டிஸ்கனெக்ஷன் அவங்க சைடுல," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

மனைவி அவர் கையில் இருந்த ஊக்கைப் பார்த்தாள். "மறுபடி போன் டேட்டாவுக்கு மாறிட்டேன், தெரியுதா? ஒரு மூணு நிமிஷம் குடுங்க," என்றாள் போனிடம். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கணக்குப் பெயர், கடவுச்சொல், வீட்டு வை-ஃபையின் பெயர் எல்லாம் அவள் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்துத் தட்டினாள். சிவப்பு பச்சையானது. பிறகு மேசையில் கிடந்த அவருடைய போனை எடுத்து எதையோ ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் அப்போது பிரிண்டரின் பின்பக்கம் மண்டியிட்டு வாயால் தூசி ஊதிக்கொண்டிருந்தார்.

எழுந்தார். பிரிண்டரின் தலையில் பட்டென்று ஓர் அடி போட்டார்.

பிரிண்டர் உறுமியது. ஒரு தாள் வந்தது. அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், முழுக் கலரில்.

"பாத்தீங்களா மாமா? காண்டாக்ட் லூஸ். கடைசியில அடிப்படைதான் முக்கியம்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை அப்படித்தான் பேசும். ஆனால் பிரிண்டர் நிற்கவில்லை. காலையிலிருந்து அவர் ஆத்திரத்தில் எத்தனை தடவை பொத்தானை அமுக்கினாரோ அத்தனையும் வரிசையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாம் பிரதி, மூன்றாம் பிரதி, ஒன்பதாம் பிரதி என்று தள்ளியது. பன்னிரண்டாவதில் மை குறைந்து அவர் முகம் பச்சையானது. பதினேழாவதில் மூக்குக்கு மேல் எதுவும் இல்லை. மாமனார் கண்ணில் படாமல் எல்லாவற்றையும் கவிழ்த்து அள்ளி, முதல் பிரதியை மட்டும் உறையில் போட்டுக்கொண்டு, மீதியைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

அவர் செருப்பு மாட்டும்போது அறைக் கதவு திறந்தது. மனைவியின் முகத்தில் பல வருடமாக அவர் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"அக்கா விஷயம்தானே? வந்து கேக்கறேன்," என்று சொல்லி இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

காப்பீட்டு நிறுவனத்தின் வரவேற்பறை குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் நாற்காலி, சாய்ந்தால் சாய்ந்துகொடுக்கிற வகை. அந்த வகையை சிக்னல் சார் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். அவரே ஏற்றி அனுப்பியதாகக்கூட இருக்கலாம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்திரண்டு.

உறையை மேசைமேல் வைத்தார். "நெட்வொர்க் அதிகாரி வேலைக்கு. வயர்லெஸ்ல எடுத்த பிரிண்ட். என் வீட்டு நெட்வொர்க் முழுக்க நானே பண்ணினது."

அந்தப் பெண் உறையைத் திறக்கவில்லை. முகத்தில் சங்கடம் தெரிந்தது. "அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சே சார்."

"பன்னெண்டு மணி வரைக்கும்னு போட்டிருந்தீங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு."

"ஆமா சார். மெயில்ல வந்தவங்களைப் போன வாரத்துலேர்ந்தே வீடியோவுல பாத்துக்கிட்டு இருந்தாங்க. இன்னைக்குக் காலைல ஒரு அம்மா வந்தாங்க, உடனே முடிவாயிடுச்சு."

சிக்னல் சார் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடமும் ஒரே சமயத்தில் காலில் வந்து வலித்தது. ஆனால் தோற்றாலும் எப்படித் தோற்றோம் என்று தெரியவேண்டும் அல்லவா? "அப்படி அவங்க என்ன படிச்சிருக்காங்க? புரோட்டோகால் தெரியுமா? டோப்பாலஜி தெரியுமா?" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்," என்றாள் அந்தப் பெண். "நேர்காணல் நடக்கும்போதே அவங்க வீட்டுக்காரர் நாலு தடவை நெட்டைக் கெடுத்தாராம், அந்தம்மா நாலு தடவையும் முகம் சுளிக்காம சரி பண்ணிக்கிட்டே பதில் சொன்னாங்களாம். 'இந்த மனுஷனை வீட்டுல வெச்சுக்கிட்டு ஒரு பிரிண்ட் எடுத்துட்டாங்கன்னா நம்ம நானூறு பேரெல்லாம் இவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல'ன்னு எங்க டைரக்டர் அப்பவே ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டார்."